மேலே போனால் குமிழி, கீழே வந்தால் கண்ணாடி

ஏப்ரல் 1

திருமங்கலம் வந்து சேர்ந்தாயிற்று. லாட்ஜில் மூன்றாவது மாடி அறை. வெந்நீர் வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்குள் கேட்க வேண்டுமாம். இந்த வெயிலில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருகிறது, அதனால் சண்டை போடவில்லை.

கோயம்புத்தூரில் பஸ் ஏறும்போது முதலாளி ஞானவேல் சார் போன் செய்தார். "மேகலா, சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி அந்த லைன் முழு வேகத்துல ஓடோணும். ஓடுச்சுன்னா நம்ம கேமரா டிபார்ட்மெண்ட் நிக்கும். இல்லீன்னா வந்து பேசிக்கலாம்." அவர் 'வந்து பேசிக்கலாம்' என்று சொன்ன யாரும் அதற்கப்புறம் எங்கள் ஆபீஸில் அதிக நாள் டீ குடித்ததில்லை.

நான் வந்திருப்பது சந்திரோதயம் பானங்கள் என்ற கம்பெனிக்கு. பன்னீர் சோடா, ஜிஞ்சர் சோடா, எல்லாம் கண்ணாடி பாட்டில். கடைகளிலிருந்து காலி பாட்டில் திரும்பி வரும். கழுவி, மறுபடி நிரப்பி, மூடி போட்டு அனுப்புவார்கள். ஊரெல்லாம் சுற்றி அடிபட்டு வருகிற பாட்டில் என்பதால், எங்காவது விண்டு உள்ளே சில்லு கிடக்கும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. குடிப்பவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். அந்தச் சில்லைப் பிடிக்கத்தான் எங்கள் கேமரா.

இதுவரை பிடித்தது மனிதக் கண். ஒரு நீளமான பால்நிறக் கண்ணாடி, பின்னால் விளக்கு, முன்னால் வரிசையாகப் போகும் பாட்டில்கள். ராக்கம்மாளும் பிலோமினாவும் அதன் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். லைன் வேகத்தைக் கூட்டியதும் யார் கண்ணுக்கும் எட்டவில்லை. இருவரையும் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். "கண்ணு பூத்துப் போச்சு தாயி, விட்டது விடுதலைன்னு இருக்கேன்" என்றார் ராக்கம்மாள். அடுத்த மூச்சில் என் வயதையும் சம்பளத்தையும் கேட்டார். வயதை மட்டும் சொன்னேன்.

ஏப்ரல் 2

கேமராவை மாட்டினோம். புது விளக்குப் பெட்டி வருவதற்கு நாளாகும் என்பதால் பழைய விளக்குக் கண்ணாடியையே வைத்துக்கொண்டோம். கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணியில் ஒரு கூடாரம். நான் கூடாரத்துக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டரோடு. கண்ணாடியின் இடது ஓரம் கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பேக்கிங்குக்குப் போகும் வழிப் பக்கமாக.

மேனேஜர் திரவியம் வந்து நின்று பார்த்தார். இந்தக் கம்பெனி முதலாளியின் மருமகன். சத்தம் போடாத மனிதர், அதனாலேயே கொஞ்சம் பயமாக இருக்கிறது. "படம் எதுலம்மா வரும்?" என்றார்.

"படம் வராதுங்க சார். பதில் மட்டுந்தான் வரும்."

அவர் முகத்தில் ஏமாற்றம். விளக்கிச் சொன்னேன். சாதாரணக் கேமரா படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டர் அதை வாங்கி யோசித்துச் சொல்வதற்குள் பாட்டில் பெட்டிக்குள் போய்விடும். எங்கள் சென்சாரில் பார்க்கிற ஒவ்வொரு புள்ளிக்கும் அடியிலேயே யோசிக்கிற பகுதியும் இருக்கிறது. பார்த்த இடத்திலேயே முடிவு. அது கவனிப்பது அசைவை மட்டும். பாட்டில் சுழன்றுகொண்டே வரும்போது உள்ளே இருப்பதெல்லாம் அசையும். மேலே போனால் குமிழி, விட்டுவிடும். கீழே வந்தால் கண்ணாடி, தள்ளிவிடும். என் மாமனார் பெண் பார்க்க வந்தபோது இருந்த மாதிரிதான். ஏன் எதற்கு என்ற பேச்சே கிடையாது, சரி அல்லது வேண்டாம்.

"படம் வேணும்னா லைனை நிறுத்திக் கேட்டா ஒண்ணு ரெண்டு தரும்" என்றேன். "லைனை நிறுத்துறதுன்னா சாப்பாட்டு நேரத்துலதாம்மா" என்றார். சரி என்றேன்.

ஹாலுக்குள் தலைக்கு வலைத்தொப்பி போட வேண்டும். என் கூந்தலுக்கு அது போதவில்லை, இரண்டு போட்டுக்கொண்டேன். பூ, வளையல், பொட்டு எதுவும் கூடாது, சோடாவில் விழுந்துவிடுமாம். என் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துவிட்டு எங்கே வைப்பதென்று முழித்தேன். "வெளக்குக் கண்ணாடி ஓரத்துல ஒட்டிக்கிருங்க. அந்தச் சூட்டுக்குப் பசை எளகியே இருக்கும். சாப்பாட்டுக்குப் போறப்ப எடுத்து வச்சுக்கிரலாம்" என்றார் ராக்கம்மாள். வெறும் நெற்றியோடு வெளியே மரத்தடியில் போய் உட்காருவது அவருக்கு ஆகாது. எனக்கும்தான். செருப்பு வார் அறுந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும்.

ஏப்ரல் 4, ஞாயிறு

விடுமுறை நாளில் லைனை ஓட்டிப் பார்க்க அனுமதித்தார்கள். நான், இரண்டு மெக்கானிக்குகள், திரவியம் சார். தலைக்குக் குளித்த அவசரத்தில் பொட்டுகூட வைக்காமல் ஓடி வந்தேன். எங்களிடம் சோதனைப் பாட்டில்கள் இருக்கின்றன. நாங்களே உள்ளே சில்லு போட்டு மூடி, அடியில் சிவப்பு பெயிண்ட் பூசியவை. அத்தனையையும் கேமரா தள்ளியது. நல்ல பாட்டில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. திரவியம் சார் முதல்முறையாகச் சிரித்தார். ஞானவேல் சாருக்குப் போன் செய்து பெருமையடித்துக்கொண்டேன். இரவு இரண்டு முட்டை பரோட்டா.

ஏப்ரல் 5

பெருமை இன்று மதியம் வரைகூடத் தாங்கவில்லை. முழு ஷிப்ட் ஓட ஆரம்பித்ததும் கேமரா நல்ல பாட்டில்களைத் தள்ளத் தொடங்கியது. ரிஜெக்ட் தட்டு நிரம்பி வழிந்தது. தள்ளிய பாட்டில்களைத் திறந்து துணியில் வடிகட்டினார்கள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. தரையெல்லாம் பன்னீர் வாசனை.

ஏப்ரல் 6

அதேதான்.

ஏப்ரல் 7

தள்ளப்படுபவை எல்லாம் பழைய அச்சில் வார்த்த பாட்டில்கள். தோள் கொஞ்சம் சரிவாக இருக்கும். அவற்றில்தான் ஏதோ. கீறலாக இருக்குமோ என்று பார்த்தேன், கீறல் அசையாதே. சென்சாரைக் கேட்டால் 'கீழே இறங்குகிறது' என்கிறது. எது இறங்குகிறது என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது.

சாப்பாட்டு நேரத்தில் லைன் நின்றதும், மற்றவர்களைப் போல நானும் பொட்டை எடுத்து வைத்துக்கொண்டு வந்து படம் எடுத்தேன். சுத்தமான வெள்ளை. கண்ணாடியில் தூசி, துரும்பு எதுவும் இல்லை. எடுத்துவிட்டு மரத்தடிக்குப் போனேன். பிலோமினா புளிச்சோறு கொடுத்தார். ராக்கம்மாள் என் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருக்கிறார். "நாங்க ஒரு 'ங்க' போட்டா மரியாதை. ஒங்க ஊர்ல எதுக்கெடுத்தாலும் 'ங்க'தானா?"

"ஆமாங்கக்கா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கிற நிலையில் நான் இல்லை, இருந்தாலும் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 9

ராக்கம்மாள் பேரனுக்கு அழகர்கோவிலில் காதுகுத்து. பேக்கிங் பெண்கள் எல்லோரும் வேன் பிடித்துப் போய்விட்டார்கள். பிலோமினா மட்டும் வந்தார், முழங்கால் வலி, மலையடிவாரம் வரை போக முடியாதாம். பேக்கிங்குக்கு ஆண்களை நிறுத்தினார்கள். எனக்குக் காலையிலிருந்து தலைவலி, பொட்டு வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே கிளம்பி வந்தேன்.

கேமரா இன்று தங்கம். ஒரு நல்ல பாட்டிலைக்கூடத் தள்ளவில்லை. பழைய அச்சுப் பாட்டில்களும் ஒழுங்காகப் போயின.

காரணம் மின்சாரம் என்று நினைக்கிறேன். பக்கத்து ஆலைக்கு இன்று லீவு. வோல்டேஜ் ஏறி இறங்காமல் இருந்திருக்கும்.

ஏப்ரல் 10

வோல்டேஜ் நிலைப்படுத்தும் பெட்டி ஒன்று வரவழைத்து மாட்டினேன். ராக்கம்மாள் காதுகுத்துச் சாப்பாட்டில் மிஞ்சிய அதிரசம் கொண்டுவந்தார். கேமரா மறுபடி கிறுக்குப் பிடித்த மாதிரி தள்ளுகிறது. காலையில் ஆரம்பித்து, சாப்பாட்டு நேரம்வரை தள்ளி, சாப்பாட்டுக்கு அப்புறம் புதிதாகத் தள்ளுகிறது. நான் அதிரசத்தைத் தின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 12

திரவியம் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். நான் குடித்து முடித்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"மேடம், நீங்க கஷ்டப்படுறது தெரியுது. ஆனா திருவிழாவுக்கு மதுரைக்கு மட்டும் எத்தனை லோடு போகணும்னு ஒங்களுக்குத் தெரியாது. தள்ளுன பாட்டில் எல்லாத்தையும் வடிகட்டிப் பாத்தாச்சு, ஒண்ணுலயும் கண்ணாடி இல்ல. மிஷின் ரொம்பக் கண்டிப்பா இருக்குன்னு அர்த்தம். கண்டிப்பைக் கொஞ்சம் கொறைங்க."

"காரணம் தெரியாம கொறைக்கக் கூடாதுங்க சார்."

"காரணத்தை மெதுவாக் கண்டுபிடிங்க. யாரு வேணாங்குறா. இப்ப லைன் ஓடணும்."

சாயங்காலம் ஞானவேல் சாரும் போன் செய்தார். இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது. "கஸ்டமர் சொல்றதைக் கேட்டுப்போட்டு போ மேகலா. எல்லாத்துக்கும் புடிவாதம் புடிச்சா எப்பிடி?"

நான் பிடிவாதக்காரிதான். என் வீட்டுக்காரரும் இதையே சொல்வார். நாளைக்கும் குறைக்க மாட்டேன்.

ஏப்ரல் 13

இன்று செட்டிங்கில் சின்ன மாற்றம் ஒன்று. ரிஜெக்ட் குறைந்துவிட்டது. லைன் முழு வேகத்தில் ஓடியது. எல்லோருக்கும் சந்தோஷம்.

திரவியம் சார் அல்வா வாங்கித் தந்தார். நல்ல நெய். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்ச் செருப்பு வாங்கினேன், பழுப்பு நிறம், குதிகால் கொஞ்சம் உயரம். கடைக்காரர் பேரத்துக்கு மசியவே இல்லை. பக்கத்துக் கடையில் பாசி மணி பார்த்தேன், வாங்கவில்லை. அப்புறம் ஜிகர்தண்டா. அப்புறம் ஒரு பழைய படத்தின் போஸ்டரை ரொம்ப நேரம் நின்று படித்தேன். லாட்ஜுக்குத் திரும்ப மனசே வரவில்லை, ஏனென்று தெரியவில்லை.

சோதனைப் பாட்டில்களை ஓட்டிப் பார்க்க இன்று நேரம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். கம்பெனி லீவு. ராக்கம்மாள் விடாமல் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. கைகழுவிவிட்டு வரும்போது அவர் பேரன் மடியில் வந்து ஏறிக்கொண்டான். காதில் புதுத் தோடு. "எங்க பாட்டி சோடா கம்பெனில பெரிய ஆளு" என்றான். "திருவிழாவுக்குப் போறப்ப எனக்கு ரெண்டு பாட்டில்" என்று விரலைக் காட்டினான்.

கடைசியில் தந்த பாயசத்தை அப்படியே வைத்துவிட்டேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

நாளை காலை முதல் வேலையாகச் சோதனைப் பாட்டில்களை ஓட்ட வேண்டும். சும்மாதான், வழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்று.

ஏப்ரல் 15

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஷிப்ட் தொடங்கியதும் சோதனைப் பாட்டில்களை மற்ற பாட்டில்களோடு கலந்து விட்டேன். எல்லாவற்றையும் தள்ள வேண்டும். ஒன்றைத் தள்ளவில்லை. அது தன் பாட்டுக்கு மற்றவற்றோடு ஆடிக்கொண்டே போய்ப் பெட்டிப் பக்கம் நின்றது. ஓடிப்போய் எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினேன். உள்ளே சில்லு, அரிசிக் குருணை மாதிரி. மெதுவாக இறங்கி அடியில் படுத்துக்கொண்டது.

பதின்மூன்றாம் தேதி நான் செய்தது 'சின்ன மாற்றம்' அல்ல. கண்டிப்பைக் குறைத்தேன். காரணம் தெரியாமல் குறைத்தேன். குறைத்துவிட்டுச் சோதனைப் பாட்டிலை ஓட்டாமல் இருந்ததும் நேரமில்லாமல் அல்ல, பயத்தில்தான். ஓட்டினால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் யாரிடமாவது சொல்ல வேண்டிவரும்.

அன்று நிரப்பிய பெட்டிகள் எங்கே என்று கேட்டேன். "லாரில ஏத்திக்கிட்டு இருக்காங்க, மதுரை லோடு" என்றார் பிலோமினா.

புதுச் செருப்பு கடித்ததையும் பொருட்படுத்தாமல் ஆபீஸ் அறைக்கு ஓடினேன். திரவியம் சார் போனில் யாருக்கோ விலை சொல்லிக்கொண்டிருந்தார். "சார், அந்த லாரி போகக் கூடாதுங்க" என்றேன். போனை வைத்தார். சோதனைப் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கே இதை ஓட்டிப் பாத்திருக்கலாமேம்மா" என்றார். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"ஆமாங்க சார். பாத்திருக்கோணும்."

எழுந்து வெளியே போனார். கேட் பக்கம் அவர் குரல் கேட்டது. "ஏத்துனது பூராம் இறக்குங்க. ஒரு பெட்டி வெளிய போகக் கூடாது. லைனையும் நிறுத்து." லாரிக்காரர் ஏதோ கத்தினார். சுமை தூக்குபவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

லைன் நின்றது. நான் வந்ததிலிருந்து ஷிப்ட்டுக்கு நடுவில் லைன் நின்றது இதுதான் முதல்முறை. ஹால் திடீரென்று அமைதியானதும் என்ன செய்வதென்று தெரியாமல், கை பழக்கத்தில் சென்சாரிடம் ஒரு படம் கேட்டேன்.

வெள்ளைத் திரையின் இடது ஓரத்தில் கறுப்பாகப் புள்ளிகள், வரிசையாக. சாப்பாட்டு நேரத்துப் படத்தில் ஒருநாளும் இல்லாத புள்ளிகள். பெரிதாக்கினேன். மூன்று வட்டம். நான்காவது நீளமாக, துளி வடிவத்தில், கீழே ஒரு சின்னக் கல்லோடு. அந்த வடிவம் எனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ஒரு அட்டை வாங்கினேன், அதில் இன்னும் நாலைந்து மிச்சம் இருக்கின்றன.

கை தானாக நெற்றிக்குப் போனது. கூடாரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். விளக்குக் கண்ணாடியின் இடது ஓரத்தில், பாட்டில் வெளியேறத் துணியில் விட்ட இடைவெளிக்கு நேராக, ராக்கம்மாளின் அரக்குப் பொட்டு, பேக்கிங்கில் இன்னும் இரண்டு பேருடையது, என்னுடையது. தினமும் காலையில் ஒட்டியது, சாப்பாட்டுக்கு எடுத்தது, திரும்பி வந்து ஒட்டியது, வீட்டுக்குப் போகும்போது எடுத்தது. நான் படம் எடுத்ததெல்லாம் அவை நெற்றியில் இருக்கிற நேரத்தில். தினமும் என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன், ஒருநாளும் அதை அழுக்காக நினைக்கவில்லை. என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியிலும் அதுதான் இருக்கிறது, என் அம்மா வீட்டிலும் அதுதான். பொட்டு ஒட்டிய கண்ணாடி எனக்குச் சுத்தமான கண்ணாடி. சென்சாருக்கு அப்படி இல்லை.

பாட்டில் சுழன்று போகும்போது, பின்னால் இருக்கிற புள்ளி சரிவான தோள் வழியே வழுக்கிக் கீழே இறங்குகிற மாதிரித் தெரியும். பழைய அச்சுப் பாட்டிலில் மட்டும். கீழே இறங்கினால் கண்ணாடி. அது தான் பார்த்ததைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். படத்தைக் காட்டினேன். ராக்கம்மாள் முதலில் நம்பவில்லை. அப்புறம் கண்ணாடியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாங்க அங்ஙன உக்காந்து பாத்த காலத்துலருந்து அந்த மூலைலதானே தாயி ஒட்டுறோம். அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே."

"நீங்க பாக்குறப்ப அது பொட்டுன்னு உங்களுக்குத் தெரியுங்கக்கா. இதுக்குத் தெரியாதுங்க."

"நல்லவேளை, எனக்குப் பொட்டே கெடையாது. சேசு காப்பாத்துனாரு" என்றார் பிலோமினா. அதற்கும் சிரித்தோம். திரவியம் சார் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு பொட்டுகளையும் தானே நகத்தால் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் வைத்து, உரியவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். என்னுடையதை நீட்டும்போது, "அந்த லோடு பூராம் மறுபடி ஓட்டணும், மேடம்" என்றார்.

கண்டிப்பைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். சோதனைப் பாட்டில்கள் அத்தனையும் தள்ளப்பட்டன. நாளைக்கு அந்தப் பெட்டிகள்.

ஏப்ரல் 16

காலையிலிருந்து பெட்டிகளைப் பிரித்து, பாட்டில்களை மறுபடி லைனில் ஏற்றி ஓட்டினோம். ஆளுக்கு ஆள் முணுமுணுப்பு. செய்த வேலையையே திரும்பச் செய்வது யாருக்குப் பிடிக்கும். கடைசியில் ஒன்றுமே கிடைக்காமல் போனால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன். கிடைக்காமல் போனால் இத்தனை பேரை வதைத்ததற்கு என்ன சொல்வது என்றும் பயந்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில்.

ரிஜெக்ட் தட்டு காலியாகவே இருந்தது. பழைய அச்சுப் பாட்டில்கள் ஒரு தொல்லையும் இல்லாமல் போயின. பாதிக்கு மேல் ஓடியாயிற்று. சுமைக்காரர்களில் ஒருவர், "இதுக்குத்தேன் லாரியை நிறுத்துனாகளாக்கும்" என்று என் காதில் விழும்படி சொன்னார். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அப்போது தள்ளியது. ஒரே ஒரு பாட்டில், பன்னீர்.

பிலோமினாதான் எடுத்தார். மூடியைத் திறந்து, வெள்ளைத் துணியைப் பாத்திரத்தின் மேல் விரித்து மெதுவாக ஊற்றினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். கடைசி மடக்கில் துணியில் ஏதோ மினுங்கியது. பிறை மாதிரி வளைந்த ஒரு சில்லு. ஒரு பக்கம் ஊசியாக இருந்தது. பிலோமினா விரலால் தொடப் போனார், ராக்கம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டார்.

சுமைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திரவியம் சார் துணியோடு சேர்த்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல வெள்ளைத் துணியில் இல்லாவிட்டால் அது அங்கே இருப்பதே தெரியாது.

"மதுரைக்குப் போயிருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "ஞானவேல் சார்ட்ட நான் பேசுறேன். கொறைக்கச் சொன்னது நான்னு சொல்றேன்" என்றார்.

"கொறைச்சது நானுங்க சார்."

"சரி. ரெண்டு பேரும்" என்றார்.

பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கமில்லை, பயம் போனதற்குத்தான். வெளியே வந்தபோது ராக்கம்மாள் டம்ளரில் டீயோடு நின்றிருந்தார். சர்க்கரை தூக்கலாகப் போட்டிருந்தார். நான் சர்க்கரை குறைத்துக் குடிப்பவள், இன்று ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.

சாயங்காலம் லாரி புறப்பட்டது. கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 17

லைன் முழு வேகம். கண்டிப்பு முழு அளவு. நல்ல பாட்டில் எதுவும் தள்ளப்படவில்லை. பாய்லர் அறையின் வெளிச்சுவர் எப்போதும் சூடாக இருக்கும் என்று அங்கே ஒரு கண்ணாடி மாட்டச் சொல்லியிருக்கிறார் திரவியம் சார், பொட்டு ஒட்டுவதற்காகவே. ஞானவேல் சார் போன் செய்து, "ஊருக்கு வா, அடுத்து ஈரோட்டுல ஒரு பால் கம்பெனி கேக்கறாங்க" என்றார். திட்டுவாரென்று எதிர்பார்த்தேன். திட்டவும் செய்தார், ஆனால் பால் கம்பெனிக்கு அப்புறம்தான்.

ஏப்ரல் 18

பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக வரும்.

திண்டுக்கல்லில் பஸ் நின்றது. எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மூன்று வயதிருக்கும் ஒரு பெண்குழந்தையும். குழந்தை வெயிலில் சிணுங்கிக்கொண்டே வந்தது. அம்மா ஜன்னல் வழியாகக் கடைக்காரரிடம் சோடா கேட்டாள். அவர் நீட்டியது சந்திரோதயம் பன்னீர். "சீக்கிரம் குடிச்சிட்டு பாட்டிலைக் குடுத்துருங்க, பஸ் எடுக்கப் போறான்" என்று அங்கேயே நின்றார்.

அம்மா பாட்டிலைக் குழந்தையின் வாயில் வைத்தாள். பாட்டிலைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோள் சரிவான பழைய அச்சுப் பாட்டில். குமிழிகள் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. குழந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், அடிவரை குடித்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். பாட்டில் ஜன்னல் வழியாகத் திரும்பிப் போயிற்று.

குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்துப் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. அம்மா வெட்கப்பட்டு, "ஸாரிங்க" என்றாள்.

"பரவால்லீங்க, விடட்டும்" என்றேன். பஸ் கிளம்பியது. ஒட்டன்சத்திரம் வருவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டேன்.